கூரையின் கண்டுமுதல்

டெல்டாவுக்கு மின்சாரம் வந்த கதை – 11

2012 ஜூன் 12. மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய நாள். திறக்கவில்லை. அணையில் போதிய தண்ணீர் இல்லை. மேலேயிருந்து வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. குறுவைக்கு நாற்றங்கால் விட நினைத்தவர்களுக்கு மிச்சமிருந்த ஒரே வழி பம்புசெட். அதை ஓட்ட மும்முனை மின்சாரம் வேண்டும். அதற்கும் பஞ்சமான ஆண்டு அது. சென்னையைத் தாண்டிவிட்டால் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. டெல்டா மாவட்டங்களுக்கு மட்டும் 12 மணி நேரம் மும்முனை மின்சாரம் தருவதாகக் குறுவைச் சிறப்புத் தொகுப்பில் அரசு அறிவித்தது. பில்டர் பாயிண்ட் குழாய்க்கிணறு இறக்கி வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். ஆற்றை மட்டுமே நம்பியவர்கள் அணை திறந்த செப்டம்பர் 17 வரை வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக் காத்திருந்தார்கள்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே ஆண்டில் கைவிட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டெல்டாவில் இரண்டுக்கும் தாய்வீடு ஒன்றுதான். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. 1937-ல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. தஞ்சாவூர் வயலுக்கு வரும் தண்ணீர் முதலில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் வருகிறது. ஆறு வறண்டால் அந்தச் சக்கரமும் நின்றுபோகும்.

ஆனால் அந்த ஜூன் மாதத்திலும் ஒன்று மட்டும் குறையாமல் கொட்டிக்கொண்டிருந்தது. வெயில்.

சென்ற பகுதியில் கொங்கு நாட்டு விவசாயிகளின் கதையைப் பார்த்தோம். யூனிட்டுக்குச் சில பைசா உயர்ந்ததை எதிர்த்துக் கிளம்பிய போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். 1972-ல் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகள் கோவை நகரத்தை அடைத்து நின்றன. நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த அந்த நெடிய போராட்டத்தின் பலனாக, 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. மின்சார வாரியம் தரும் மின்சாரத்துக்கு நாம் என்ன விலை கொடுப்பது என்பது அன்றைய கேள்வி. இந்தப் பகுதியின் கேள்வி அதற்கு நேர் எதிர். நாம் தரும் மின்சாரத்துக்கு வாரியம் என்ன விலை கொடுக்கும்?

இந்தக் கேள்வி பிறந்த இடம் ஒரு மீட்டர்ப் பெட்டி.

பழைய மீட்டரைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கண்ணாடிக்குள் ஒரு அலுமினியத் தட்டு படுக்கையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கிரைண்டர் போட்டால் வேகம் பிடிக்கும், விளக்கு மட்டும் எரிந்தால் நகர்வதே தெரியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டீவன் ஸ்ட்ராங் என்ற கட்டடக்கலைஞர் 1979-ல் ஒரு குடியிருப்பின் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தி, அவற்றை மின்கம்பியோடு இணைத்தார். வெயில் ஏறி, வீட்டின் தேவைக்கு மேல் மின்சாரம் வந்தபோது அந்தத் தட்டு பின்னோக்கிச் சுற்றியது. வீட்டிலிருந்து கம்பத்துக்கு மின்சாரம் போனதை மீட்டர் தானாகவே கழித்துக்கொண்டது. நெட் மீட்டர் என்று இன்று நாம் சொல்லும் முறையின் தொடக்கங்களில் ஒன்று அது. நான்கு ஆண்டுகளில், 1983-ல், மின்னசோட்டா மாநிலம் அதைச் சட்டமாக்கியது.

ஜெர்மனியில் வேறு வழியில் போனார்கள். கழித்துக்கொள்வது அவர்களுக்குப் போதவில்லை. விற்க வேண்டும் என்றார்கள். ஆகன் நகரத்தில் வோல்ஃப் ஃபான் ஃபாபெக் 1986-ல் ஒரு சூரிய ஆற்றல் சங்கத்தைத் தொடங்கினார். வீட்டுக் கூரையில் விளையும் மின்சாரத்தை, அதை உற்பத்தி செய்ய ஆகும் செலவு கட்டுபடியாகும் விலைக்கு நகராட்சியின் மின் நிறுவனம் வாங்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. பல ஆண்டுகள் மனுப் போட்டு, கூட்டம் நடத்தி, மன்றத்தில் வாதாடி, 1995-ல் யூனிட்டுக்குச் சுமார் இரண்டு மார்க் என்ற விலையைப் பெற்றார்கள். ஓர் ஊரில் ஜெயித்தது நாட்டுக்கே வழியானது. ஹெர்மன் ஷீயர் போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்களின் முயற்சியில் 2000-ஆம் ஆண்டு வந்த சட்டம், கூரைச் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 99 ஃபென்னிக் விலையை 20 ஆண்டுகளுக்கு உறுதி செய்தது. உலகத்தில் சூரியத் தகட்டின் விலை சரிந்ததற்கு அந்தச் சட்டம் முக்கியமான காரணம். தஞ்சாவூரில் இன்று ஒருவர் கட்டுபடியாகும் விலையில் பேனல் வாங்க முடிகிறது என்றால், அதில் ஆகன் நகரத்துக் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் வாசலைத் திறந்தது. மின் உற்பத்திக்கு உரிமம் வேண்டியதில்லை என்றது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைக் கம்பியோடு இணைக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களிடம் கொடுத்தது. ஆனால் அந்த வாசல் வழியே முதலில் நுழைந்தவர்கள் வீட்டுக்காரர்கள் இல்லை. அதற்கு முன்பிருந்தே தமிழ்நாட்டில் காற்றாலை வைத்திருந்த ஆலை முதலாளிகளுக்கு ஒரு வசதி இருந்தது. முப்பந்தலில் ஆடிக் காற்றில் உற்பத்தியான யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து, காற்றில்லாத மாதங்களில் தங்கள் நூற்பாலைக்கு எடுத்துக்கொள்ளலாம். டெல்டாக்காரர்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னால், பத்தாயம். அறுவடைக் காலத்தில் கொட்டி வைத்து, வேண்டும்போது அள்ளிக்கொள்வது. ஆலைகளுக்குப் பல ஆண்டுகளாக இருந்த இந்தப் பத்தாயத்தை வீடுகளுக்கும் கொடுங்கள் என்பதுதான், சென்னையின் நுகர்வோர் அமைப்புகளும் ஆரோவில்லில் சூரிய ஆற்றல் துறையில் வேலை செய்தவர்களும் கேட்டது.

மின்வெட்டின் உச்சத்தில், 2012 அக்டோபர் 20 அன்று, முதலமைச்சர் ஜெயலலிதா தமிழ்நாடு சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டார். 2015-க்குள் 3,000 மெகாவாட். அதில் 350 மெகாவாட் கூரைகளிலிருந்து. 2014 மார்ச் 31-க்குள் கூரையில் சோலார் போடும் வீடுகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் யூனிட்டுக்கு 2 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டுகள் 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் 50 காசு ஊக்கத்தொகை. நெட் மீட்டரும் உண்டு என்றது கொள்கை. ஒரு மாநில அரசு, வீட்டுக்காரரை நுகர்வோராக மட்டும் பார்க்காமல் உற்பத்தியாளராகவும் பார்த்த முதல் சில ஆவணங்களில் அது ஒன்று. அதற்கு உரிய மதிப்பைக் கொடுத்தே ஆகவேண்டும்.

ஆனால் கொள்கை வேறு, ஆணை வேறு. வாரியத்தின் மீட்டர் சுற்றுவது ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படிதான். அது வர ஓராண்டுக்கு மேல் ஆனது. 2013 நவம்பர் 13 அன்று வந்த ஆணை, வீட்டுக் கூரையைக் கம்பத்தோடு இணைக்க அனுமதித்தது. பகலில் அனுப்பும் யூனிட்டை இரவில் எடுக்கும் யூனிட்டிலிருந்து கழித்துக்கொள்ளலாம். மிஞ்சினால் அடுத்த பில்லுக்குக் கொண்டுபோகலாம். இதுவரை சரி. அடுத்த வரியில்தான் கல் இருந்தது. ஓர் ஆண்டில் அந்த வீடு செலவழித்த மின்சாரத்தில் 90 சதவீதம் வரைதான் சோலார் உற்பத்தி கணக்கில் ஏறும். அதற்கு மேல் கம்பத்துக்குப் போன யூனிட்டுகளுக்குக் காசும் இல்லை, வரவும் இல்லை. ஆண்டு முடிந்ததும் அவை ரத்து.

அந்த யூனிட் எங்கே போயிருக்கும்? பக்கத்து வீட்டு மிக்சிக்குப் போயிருக்கும். எதிர்த்த கடையின் ஃபிரிட்ஜுக்குப் போயிருக்கும். அங்கே உள்ள மீட்டரில் அது ஏறியிருக்கும். வாரியம் அதற்குப் பணம் வாங்கியிருக்கும். விளைவித்தவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கு தஞ்சாவூர் மண்ணுக்குப் புதியதில்லை. களத்து மேட்டில் கண்டுமுதல் ஆன நெல்லை யார் எவ்வளவு அள்ளுவது என்ற சண்டைதான் இந்த மாவட்டத்தின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு. உழுது, நட்டு, அறுத்துப் போரடித்த வாரக்குடிக்குக் கண்டுமுதலில் 40 சதவீதம் என்று எழுத்தில் வருவதற்கு 1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1956-ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் அதைத் திருப்பிப்போட்டது: நிலச் சொந்தக்காரருக்குத்தான் 40, மிச்சம் சாகுபடி செய்தவருக்கு. பங்கு கேட்பது டெல்டாவின் பழக்கம். காவிரியில் பங்கு கேட்டு 1983-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் மன்னார்குடி ரங்கநாதன் முன்னின்ற டெல்டா விவசாயிகள் சங்கம்தான். 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது அந்த வழக்கின் வழியேதான். இத்தனை பழக்கமுள்ள மண்ணில், கூரையில் விளைந்ததற்குப் பங்கு கேட்கும் குரல் பலமாக எழவில்லை. அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதே ஆண்டுகளில் டெல்டாவின் குரல் வேறொரு மின்சாரக் கேள்வியில் ஒலித்துக்கொண்டிருந்தது. மன்னார்குடிப் பக்கம் பூமிக்கடியில் நிலக்கரிப் படுகை இருக்கிறது. அதிலிருந்து மீத்தேன் எடுக்கிறோம் என்று வந்த திட்டத்தை எதிர்த்து, 2013-ல் ஊர் ஊராகப் போய்ப் பேசினார் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இளங்காட்டில் பிறந்தவர். நெட் மீட்டர் ஆணை வந்து ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை. டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில், அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே இறந்துபோனார். 2017-ல் நெடுவாசல், கதிராமங்கலம் கிராமங்கள் அதே சண்டையைத் தொடர்ந்தன. 2020 பிப்ரவரியில் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தது. மண்ணுக்கு அடியில் உள்ள எரிபொருள் வேண்டாம் என்று சொல்லி ஜெயித்த மக்கள் இவர்கள். மண்ணுக்கு மேலே கொட்டும் எரிபொருளைப் பற்றிய பேச்சு அந்த மேடைகளில் குறைவாகவே இருந்தது. இருந்திருந்தால் அந்தப் போராட்டத்துக்கு இன்னொரு கால் கிடைத்திருக்கும் என்பது இந்தத் தொடரின் கருத்து.

கூரையில் சோலார் அப்போதே டெல்டா கிராமங்களுக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2011-ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்; அதில் 30 ஆயிரம் சோலார் விளக்குகளுக்கு. ஐந்து விளக்குகள், ஒரு பேனல், ஒரு பேட்டரி. ஏழைக் குடும்பங்களின் தலைக்கு மேல் பேனல் ஏறியது. ஆனால் அது கம்பத்தோடு பேசாத பேனல். பேட்டரி நிரம்பிய பிறகு அடித்த வெயில் வீண். தன் விளக்குக்கு ஆனது போக மிச்சத்தை விற்கும் வழி அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியது. தென்னைகள் வேரோடு சாய்ந்து கம்பிகளின் மேல் விழுந்தன. ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் முறிந்தன. தலைஞாயிறு, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று பல இடங்களில் வாரக்கணக்கில் இருட்டு. மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். டெல்டா அவர்களை மறக்காது.

அந்த இருட்டில் கூரையில் சோலார் வைத்திருந்த சிலருக்கு ஓர் உண்மை உறைத்தது. வெயில் அடிக்கிறது, தகடு முழுசாக இருக்கிறது, ஆனால் வீட்டில் விளக்கு எரியவில்லை. கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டால், கம்பத்தோடு இணைந்த சோலாரின் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். அப்படி நிற்பது அவசியம். இல்லாவிட்டால், அறுந்த கம்பியைக் கட்ட ஏறும் லைன்மேனின் உயிருக்கு ஆபத்து. பேட்டரியும் சேர்த்து வைத்திருந்தால்தான் அந்த நேரத்தில் தன் வீட்டுக்குப் பயன்படும். விற்பதற்கு வைக்கும் சோலார் வேறு, புயலுக்கு வைக்கும் சோலார் வேறு. பேனல் விற்க வருகிறவர்கள் இதை வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் விளக்குவதில்லை.

புயல் கடந்து மூன்று மாதம் ஆவதற்குள், 2019 பிப்ரவரி 4 அன்று, புதிய சூரிய மின்சக்திக் கொள்கையை முதலமைச்சர் பழனிசாமி வெளியிட்டார். 2023-க்குள் 9,000 மெகாவாட். அதில் 40 சதவீதம் நுகர்வோரின் கூரைகளில். இலக்கு பெரிது. ஆனால் நெட் மீட்டரை எடுத்துவிட்டு வேறொரு முறையைக் கொண்டுவந்தது. மார்ச் 25 அன்று ஆணையம் அதற்கு ஆணை போட்டது. இனி யூனிட்டுக்கு யூனிட் கழிக்க மாட்டோம். நீங்கள் அனுப்புவதை ஒரு விலைக்கு வாங்குவோம், நீங்கள் எடுப்பதை வழக்கமான கட்டணத்துக்குத் தருவோம். கேட்பதற்கு இது ஜெர்மன் வழி போலத் தோன்றும். விலையைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பெரிய சோலார் பூங்காக்களுக்கு ஏலத்தில் கிடைத்த விலை 3 ரூபாய் 4 காசு. அதில் முக்கால் பங்கு வீட்டுக்காரருக்கு. யூனிட்டுக்கு 2 ரூபாய் 28 காசு.

அந்த 2019-ல் ஒரு மீட்டரின் முன்னால் போய் நின்று பார்ப்போம். இப்போது தட்டு இல்லை. சிறிய திரையில் எண்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று வாரியத்திடமிருந்து எடுத்தது, இன்னொன்று வாரியத்துக்குக் கொடுத்தது. ரீடிங் எடுக்க வருகிறவர் இரண்டையும் குறித்துக்கொள்கிறார். பகல் ஒரு மணிக்குக் கொடுத்த யூனிட்டுக்கு 2.28. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு, இரவு ஒன்பது மணிக்கு எடுத்த கடைசி யூனிட்டுக்கு அன்றைய கட்டணம் 6.60. ஆறுமாதம் முன்பு இரண்டும் ஒன்றுக்கு ஒன்று கழிந்துகொண்டிருந்தவை. ஏலத்தில் ஜெயித்த நிறுவனத்தின் மின்சாரம் நூறு கிலோமீட்டர் கம்பியில் வந்து, வழியில் ஒரு பங்கை இழந்த பிறகு வீதிக்கு வருகிறது. கூரையின் மின்சாரம் அதே வீதியில் பிறந்து அதே வீதியில் செலவாகிறது. தொலைவிலிருந்து வருவதற்கு முழு விலை, பக்கத்தில் விளைவதற்கு முக்கால் விலை என்பது நியாயமான தராசு இல்லை.

வாரியத்தின் பக்கத்தையும் கேட்கத்தான் வேண்டும். அதிகமாக மின்சாரம் எரிக்கும் வசதியான வீடுகள்தான் அதிகக் கட்டணம் கட்டுகின்றன. அவை சோலாருக்குப் போய்விட்டால் குறைந்த கட்டண வீடுகளின் சுமையை யார் தாங்குவது? நண்பகலில் எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் கொடுக்கும். இரவு ஏழு மணிக்கு எல்லா வீடும் ஒரே நேரத்தில் கேட்கும். அதற்காக வாரியம் அனல்மின் நிலையத்தைச் சூடாக வைத்திருக்க வேண்டும். இவை வெறும் சாக்கு அல்ல. இலங்கை 2016 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வீட்டுக்காரருக்கு முதல் ஏழு ஆண்டுகள் யூனிட்டுக்கு 22 இலங்கை ரூபாய் தந்தது. கூரைகள் வேகமாக நிறைந்தன. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஆலைகள் மூடியிருந்தபோது, பகலில் கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் இதற்கு மருந்து, பேட்டரியும் பகல் நேரக் கட்டணச் சலுகையும். விளைவிக்கிறவரின் விலையைக் குறைப்பது மருந்தாகாது.

இதே வாதம் டெல்லியிலும் நடந்தது. 2020 டிசம்பர் 31 அன்று மத்திய அரசு வெளியிட்ட நுகர்வோர் உரிமை விதிகள், 10 கிலோவாட் வரைதான் நெட் மீட்டர் என்றன. நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. ஆறு மாதத்தில், 2021 ஜூனில், அந்த வரம்பை 500 கிலோவாட்டாக உயர்த்தித் திருத்தினார்கள். அந்தக் காற்று தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2021 அக்டோபர் 22 அன்று மாநில ஆணையம் வீடுகளுக்கு நெட் மீட்டரைத் திரும்பக் கொடுத்தது. இரண்டரை ஆண்டில் போன உரிமை திரும்பி வந்தது, எழுதிக் கேட்டவர்களால்தான். ஆணையம் ஒவ்வொரு முறையும் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. அந்த அழைப்புக்குப் பதில் எழுதியவர்கள்தான் இந்தப் பகுதியின் நாயகர்கள். அதே ஆணையில் வந்த கம்பிப் பயன்பாட்டுக் கட்டணத்தைச் சிறுதொழில் முனைவோர் தொடர்ந்து எதிர்த்து, 2023-ல் பாதியாகக் குறைக்க வைத்தார்கள்.

இப்போது முன்பு விட்ட கேள்விக்கு வருவோம். டெல்டாவின் குரல் ஏன் எழவில்லை?

ஏனென்றால் நெட் மீட்டரால் டெல்டாவின் பெரும்பாலான வீடுகளுக்கு லாபம் இல்லை. 2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். நான்கு விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு டிவி உள்ள விவசாயத் தொழிலாளியின் வீட்டுக்குப் பில் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்திலிருந்து எதைக் கழிப்பது? பம்புசெட் மின்சாரமும் இலவசம். அங்கேயும் கழிக்க ஒன்றுமில்லை. கழித்தல் முறை, அதிகம் எரிக்கிறவருக்குத்தான் அதிகம் கொடுக்கும். குளிர்சாதன வசதி உள்ள நகரத்து மாடிவீட்டுக்கு அது வரம். கிராமத்துக் காலனி வீட்டுக்கு அதில் ஒரு காசும் இல்லை.

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டமும் இந்த இடத்தில்தான் தட்டுகிறது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், இரண்டுக்கு 60 ஆயிரம், மூன்றுக்கும் அதற்கு மேலும் 78 ஆயிரம் மானியம். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே அனுமதி என்று விதியும் இளகியது. நல்ல திட்டம். ஆனால் மாதம் 300 யூனிட் இலவசம் என்ற அதன் முழக்கம், பில் கட்டுகிற வீட்டைப் பார்த்துச் சொன்னது.

விற்க முடியும் என்றால் கணக்கே மாறும். ஒரு கிலோவாட் சோலார் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. அத்தனையையும், தகராறுக்கு இடமான அந்த 2.28 ரூபாய்க்கே விற்றால்கூட 547 ரூபாய், ஆண்டுக்கு 3,283. மத்திய அரசு மானியம் கணக்கிட்ட விலைப்படி ஒரு கிலோவாட்டுக்கு 50 ஆயிரம் என்று வைத்தால், மானியம் போக அந்தக் குடும்பம் போட வேண்டியது 20 ஆயிரம். ஏறத்தாழ ஆறு ஆண்டில் முதல் திரும்பிவிடும்; தகடு 25 ஆண்டு உழைக்கும். 3.04 கொடுத்தால் ஐந்தாண்டுக்குள் முடிந்துவிடும். கடன் கொடுக்கக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. வாங்குவதற்கு வாரியம் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி, தலைவர் சண்முகம் காலத்தில் போட்ட திட்டப்படி 2006-ல் வங்கிக் கடனோடு 1 கோடியே 55 லட்சம் ரூபாய் செலவில், உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊரின் தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஆனது போக மிச்சத்தை வாரியத்துக்கு விற்றது. ஒரு கிராம ஊராட்சி மின் உற்பத்தியாளரானது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் டுண்டி என்ற ஊரில் 2016-ல் ஆறு விவசாயிகள் சேர்ந்து சோலார் பம்பு கூட்டுறவு தொடங்கினார்கள். பாசனம் போக மிஞ்சும் மின்சாரத்தை யூனிட்டுக்கு 4.63 ரூபாய்க்கு 25 ஆண்டுகள் வாங்க மின் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. பதிலுக்கு அவர்கள் மானிய மின் இணைப்பைக் கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வெயிலுக்கு விலை வந்ததும், வீணாகத் தண்ணீர் இறைப்பது தனக்கே நஷ்டம் என்பது ஒவ்வொருவருக்கும் புரிந்தது.

டெல்டாவுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். சம்பா அறுவடை முடிந்து, தரிசில் உளுந்தும் பயறும் பனியிலும் மண்ணின் ஈரத்திலும் வளரும் மாசி, பங்குனியில் பம்புசெட்டுக்கு வேலை குறைவு. வெயில் உச்சத்துக்கு ஏறும் காலமும் அதுதான். அறுவடைத் தூசி படிந்த தகட்டை வாரம் ஒருமுறை கழுவினால் போதும். பம்புசெட் ஓய்வெடுக்கும் மாதங்களில் கொட்டகைக் கூரை சம்பாதிக்கும். 2019-ல் வந்த மத்திய அரசின் குசும் திட்டம், மின் இணைப்புள்ள பம்புசெட்டுகளில் சோலார் பொருத்தி மிச்சத்தை விற்க வழி செய்கிறது. மத்திய அரசு 30 சதவீதமும் மாநிலம் 30 சதவீதமும் மானியம் தர வேண்டும். இலவச மின்சாரம் பறிபோய்விடுமோ என்ற அச்சம் விவசாயிகளுக்கு இருக்கிறது. பெருமாநல்லூரில் உயிர் கொடுத்து வாங்கியதை இழக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. இலவசம் தொடரும், மிச்சத்துக்கு நியாய விலையும் உண்டு என்று அரசு எழுத்தில் கொடுத்தால் ஒழிய இந்தத் திட்டம் காவிரிக் கரையில் வேர் பிடிக்காது.

அடுத்த முறை மின் ஒழுங்குமுறை ஆணையம் கூரைச் சோலார் விலைக்குக் கருத்துக் கேட்கும்போது, தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஊராட்சிகளிலிருந்தும் கடிதம் போக வேண்டும். ஆகஸ்ட் 15 அன்றும் அக்டோபர் 2 அன்றும் கிராம சபை கூடுகிறது. 100 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டின் மிச்ச மின்சாரத்தைப் பணம் கொடுத்து வாங்கு என்று ஒரு தீர்மானம் போடுங்கள். அதன் நகலை ஆணையத்துக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)